எர்த் பைப்பை எடை போட்டு விற்போம்



நமது இதழில் வரி, கடை வாடகை, ஆன்லைன் வியாபாரத்தால் வரும் பாதிப்பு என்று பெரிய விஷயங்களைப் பற்றியே அதிகம் எழுதப்படுகிறது. அவை தேவையானவைதான். இம்முறை ஒரு சின்னச் சரக்கைப் பற்றி எழுத அனுமதி கேட்டோம். எலக்ட்ரிகல், ஹார்டுவேர், பம்புசெட் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் வாசலோரம் சுவரில் சாத்தி வைத்திருக்கும் எர்த் பைப்பும் எர்த் கம்பியும்தான் அந்தச் சரக்கு. மொத்த வியாபாரத்தில் இதன் பங்கு மிகக் குறைவு. கணக்குப் பார்த்தால் பல்பு விற்றுக் கிடைக்கும் லாபம்கூட இதில் வராது. அதனாலேயே இதை நாம் யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை.

மற்ற சரக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பல்பு எரியாவிட்டால் மறுநாளே வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்பார். ஃபேன் சத்தம் போட்டால் திருப்பிக் கொண்டு வருவார். எர்த் பைப் மட்டும் விற்ற அன்றே மண்ணுக்குள் போய்விடுகிறது. அது உள்ளே இருக்கிறதா, துருப்பிடித்துக் கரைந்துவிட்டதா என்று பத்து வருடம் ஆனாலும் யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாமலும் மோட்டார் ஓடும், விளக்கு எரியும். அது இல்லை என்பது ஒரே ஒரு நாள்தான் தெரியவரும்.

அப்படி ஒரு நாள் எங்கள் கடைக்கும் வந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசுவது நியாயமாகாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து நமது மாவட்டத்தின் மேலாக மேற்கே போனதை யாரும் மறந்திருக்க முடியாது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். கரண்டு வந்ததும் விவசாயிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சர்வீஸ் வயர், ஸ்டார்ட்டர் பெட்டி, எர்த் சாமான் வேண்டியிருந்தது. கடைவீதியில் கிடங்கைத் திறந்து வைத்தால் போதும், சரக்கு போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில் வெளி மாநிலத்து முகவர் ஒருவர் செம்பு முலாம் போட்ட எர்த் கம்பிகளைக் கொண்டு வந்து காட்டினார். பளபளவென்று புதுக் குடம் மாதிரி இருந்தன. கனமான ஜி.ஐ. பைப்பை விட விலையும் குறைவு. "செம்பு, துருவே பிடிக்காது, நாற்பது வருடம் நிற்கும்" என்றார். நாங்கள் ஒரு லோடு வாங்கினோம். முகவர் சொன்ன அதே வார்த்தையை நாங்களும் வாடிக்கையாளர்களிடம் சொன்னோம். ஒரு கம்பியைக்கூட அரத்தால் தேய்த்துப் பார்க்கவில்லை. கஜா அவசரத்தில் யாருக்கு நேரம் இருந்தது என்று இப்போது சமாதானம் சொல்லலாம். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் சொல்லத்தக்க சமாதானம் அல்ல அது.

2021 மழைக்காலத்தில் கீரமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். சாக்குப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து மேசை மேல் வைத்தார். எங்களிடம் வாங்கியதுதான். தரைக்கு ஓரடி கீழே பென்சில் முனை போல மெலிந்து ஒடிந்திருந்தது. அதற்குக் கீழே அங்கங்கே செம்பு நிறம் இருக்க, இடையிடையே குழி குழியாகத் துரு. போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எலி கடித்த வயர் பெட்டியைத் தொட்டிருக்கிறது. பெட்டியைத் தாங்கும் இரும்புக் காலில் பசுவைக் கட்டியிருக்கிறார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. "அண்ணே, பசு போனதோட போச்சு. எங்க வீட்ல அது பக்கத்துல உக்காந்துதான் பால் கறக்கும். நீங்க செம்புன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். பசுவின் கிரயத்தை நாங்கள் கொடுத்தோம். முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். முகவரின் தொலைபேசி எண் அதற்குள் மாறிவிட்டிருந்தது. எங்கள் விற்பனைப் புத்தகத்தைப் புரட்டி, பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, முடிந்தவரை கம்பிகளை மாற்றிக் கொடுத்தோம். பில் போடாமல் விற்றவை எங்கே இருக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது. இன்றைக்கும் இரவில் நினைவுக்கு வருவது அவைதான்.

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவர்கள். எங்கள் இளைய மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவன். அந்த ஒடிந்த கம்பியை வைத்துக்கொண்டு அவனும் நாங்களும் பல நாள் உட்கார்ந்து பேசினோம். எர்த்திங் பற்றி இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 3043 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 1966-இல் முதலில் வந்து, 1987-இலும் 2018-இலும் திருத்தப்பட்டது. இத்தனை வருடம் எர்த் பைப் விற்ற நாங்கள் அதன் பெயரைக்கூட அதுவரை கேட்டதில்லை. மகன் படித்துச் சொன்னதில் ஒரு சங்கதி எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

செம்புக் கம்பி போட்டால் எர்த் நன்றாக இருக்கும், இரும்பு போட்டால் சுமார்தான் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். வாடிக்கையாளரிடமும் அப்படியே சொல்கிறோம். அது சரியல்ல. புதைத்த அன்று செம்பும் ஜி.ஐ.யும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். மின்சாரத்துக்குத் தடை கம்பியில் இல்லை, கம்பியைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கிறது. பைப்பைத் தடிமனாக்கினாலும் தடை பெரிதாகக் குறையாது. ஆழமாக இறக்கினால் குறையும், ஈரம் இருந்தால் குறையும். அப்படியானால் எந்த உலோகம் என்று ஏன் பார்க்க வேண்டும்? அது எத்தனை வருடம் மண்ணுக்குள் கரையாமல் இருக்கும் என்பதற்காக மட்டும்தான். நாம் விற்பது ஆயுளை. பளபளப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆயுளை எப்படி அளப்பது? நம் கையில் இருக்கும் கருவி தராசுதான்.

ஜி.ஐ. பைப்பில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு என்பது பைப் வியாபாரிகளுக்குத் தெரியும். லைட் பைப்பில் மஞ்சள் பட்டை, மீடியத்தில் நீலம், ஹெவியில் சிவப்பு. ஒன்றரை அங்குலம் என்று நாம் சொல்லும் 40 மி.மீ. பைப்பில் லைட்டின் சுவர்க் கனம் 2.9 மி.மீ., மீடியம் 3.2 மி.மீ., ஹெவி 4 மி.மீ. ஐ.எஸ். 3043-இன் 1987 பதிப்பு, ஜி.ஐ. பைப் எர்த்துக்கு உள்விட்டம் 38 மி.மீ.க்கும் நீளம் 2.5 மீட்டருக்கும் குறையக்கூடாது என்கிறது. அந்த நீளத்துக்கு மீடியம் பைப் சுமார் 9 கிலோ நிற்கும். ஹெவி 11 கிலோவை ஒட்டி வரும். லைட்கூட 8 கிலோவுக்கு மேல் இருக்கும்.

இப்போது உங்கள் கடை வாசலில் சாத்தியிருக்கும் 'எர்த் பைப்பை' எடுத்துத் தராசில் வையுங்கள். கடைவீதியில் எர்த் பைப் என்ற பெயரிலேயே தனியாக வரும் சரக்கு ஒன்று இருக்கிறது. பட்டையும் இல்லை, முத்திரையும் இல்லை. மெல்லிய தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்து, பல இடங்களில் வெறும் சில்வர் பெயிண்ட் அடித்து, துளை போட்டு அனுப்புகிறார்கள். 1.6 மி.மீ. தகடு என்றால் அதே 2.5 மீட்டர் நீளத்துக்கு 5 கிலோகூட வராது. சரிபாதி எடை. வாடிக்கையாளர் நீளத்தைப் பார்க்கிறார், விட்டத்தைப் பார்க்கிறார், கனத்தைப் பார்ப்பதில்லை. துருவுக்கு இரையாவது அந்தக் கனம்தான். தண்ணீருக்கு வாங்கும் பைப்பை ஒருவர் தட்டிப் பார்த்து, பட்டையின் நிறம் பார்த்து வாங்குகிறார். எர்த்துக்கு என்றால் அவரே கிடைத்ததைப் போடச் சொல்கிறார். மண்ணில் புதைக்கத்தானே போகிறது என்ற எண்ணம். பெயிண்ட் அடித்த பைப் இன்னும் மோசம். பெயிண்டோ கிரீஸோ மண்ணுக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கும் திரை. எர்த் பைப் மேல் அவை இருக்கவே கூடாது.

துத்தநாகப் பூச்சு உண்மையா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. இதுவும் நமது நாட்டுத் தர விதிகளில் உள்ளதுதான், ஐ.எஸ். 2633. பைப்பில் ஒரு துண்டு வெட்டி, சுத்தம் செய்து, மயில்துத்தக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கழுவித் துடைத்து, மறுபடியும் முக்க வேண்டும். பூச்சு இருக்கும் வரை துண்டு கறுக்கும், துடைத்தால் போய்விடும். பூச்சு தீர்ந்த இடத்தில் செம்பு நிறம் ஒட்டிக்கொண்டு துடைத்தாலும் போகாது. காய்ச்சிய துத்தநாகத்தில் முக்கிய நல்ல பைப் பல முக்குத் தாங்கும். மின்முலாம் மட்டும் பூசியது முதல் முக்கிலேயே காட்டிக் கொடுத்துவிடும். கரைசலைச் சரியான பதத்தில் தயாரிக்க வேண்டும் என்பதால் இதை ஒவ்வொரு கடையிலும் செய்ய முடியாது. சங்கத்தில் ஒரு இடத்தில் செய்யலாம்.

செம்பு முலாம் கம்பிக்கு வருவோம். நல்ல செம்பு முலாம் கம்பி நல்ல சரக்குதான், அதைக் குறை சொல்லவில்லை. உலக அளவில் ஏற்றுக்கொண்ட தரத்தின்படி செம்பின் கனம் 250 மைக்ரான், அதாவது கால் மில்லி மீட்டர் இருக்க வேண்டும். 14.2 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள கம்பியில் இந்தக் கனத்துக்குச் செம்பு மட்டும் 300 கிராம் பிடிக்கும். எங்களுக்கு வந்தது போல 25 மைக்ரான் பூசினால் 30 கிராம். மூன்று பவுன் சங்கிலி எடைகூட இல்லாத பூச்சுக்கும் கால் கிலோவுக்கு மேல் உள்ள செம்புக்கும் வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று சொல்ல நினைத்தோம். மூன்று பவுன் 24 கிராம் என்று மகன் திருத்தினான். மூன்றே முக்கால் பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, கொள்முதல் செய்யும் அன்று செம்பு கிலோ என்ன விலை என்று விசாரியுங்கள். 300 கிராமுக்குக் கணக்குப் போடுங்கள். உள்ளிருக்கும் இரும்புக்கும் கூலிக்கும் ஒரு தொகை சேருங்கள். முகவர் சொல்லும் விலை அதற்கும் கீழே இருந்தால் அந்தச் செம்பு எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இந்தப் பெருக்கல் தெரியாதவர்களா நாம்? பருப்பிலும் எண்ணெயிலும் அரைப் பைசா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் கூட்டம் நாம்.

மெல்லிய செம்புப் பூச்சு, பூச்சே இல்லாத இரும்பை விடக் கெடுதல் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. துத்தநாகம் இரும்பைக் காக்கும் விதம் வேறு, செம்பு காக்கும் விதம் வேறு. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். செம்பில் கீறல் விழுந்தால் நேர்மாறு. செம்பு அப்படியே இருக்கும், கீறல் விழுந்த இடத்து இரும்பு வேகமாகக் கரையும். சுற்றிலும் நிறையச் செம்பு, நடுவில் ஊசி முனை அளவு இரும்பு என்றால் அந்த ஊசி முனை குழியாகிவிடும். சரளையில் சுத்தியலால் அடித்து இறக்கிய கம்பியில் கீறல் விழாமல் இருக்குமா? எங்கள் கம்பி ஓரடி ஆழத்தில் ஒடிந்ததன் காரணம் அதுதான். சந்தேகம் இருந்தால் மாதிரிக் கம்பியின் மேல் அரத்தை நாலு முறை ஓட்டுங்கள். உள்ளே வெள்ளை இரும்பு உடனே பல்லிளித்தால் சரக்கை வண்டியோடு திருப்பி அனுப்புங்கள்.

நமது மாவட்டத்து மண் ஒரே மண் அல்ல. புதுக்கோட்டை, ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும். விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், குளத்தூர் என்று மேற்கே போனால் சரளையும் பாறையும். ஆவுடையார்கோயில் பக்கம் களிமண். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கடற்கரையில் உவர் மண். நாம் எல்லாருக்கும் ஒரே பைப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.

கடற்கரை மண்ணில் எர்த் சுலபமாகக் கிடைக்கும். உப்பும் ஈரமும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் எந்த மண் நன்றாகக் கடத்துகிறதோ அதுவே பெரும்பாலும் இரும்பை வேகமாகத் தின்னும். அங்கே மெல்லிய ஜி.ஐ. பைப் விற்பது பணத்தைக் கடலில் போடச் சொல்வதற்குச் சமம். சிவப்புப் பட்டை ஹெவி பைப், அல்லது உண்மையான 250 மைக்ரான் செம்புக் கம்பி, இரண்டில் ஒன்று. அங்குள்ளவர்கள் சிலர் எஸ்.எஸ். பைப் கேட்கிறார்கள். பாத்திரக் கடைக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் வரும் 202 ரக எஸ்.எஸ். உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் தாங்கும், விலை கட்டுப்படியாகாது.

மேற்கே நிலைமை தலைகீழ். சரளையும் பாறையும் ஈரம் தங்காத இடம். துரு மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் எர்த் கிடைப்பது கஷ்டம். அங்கே செம்பு விற்று என்ன பயன்? அதே பணத்தில் இரண்டு ஜி.ஐ. பைப் வாங்கி, துளைபோட்டு இறக்கி, ஒன்றுக்கொன்று 5 மீட்டர் தள்ளி வைத்து இணைப்பதே மேல். செம்மண் பகுதியில் மீடியத்துக்குக் குறையாத ஜி.ஐ. போதும் என்பது எமது அபிப்பிராயம். மாட்டுக் கொட்டகை, சாணக் குழி அருகில் செம்பு வேண்டாம். அங்கே மண்ணில் ஊறும் அமோனியா செம்பை அரிக்கும். தோட்டத்து மோட்டாருக்கு முழுச் செம்புத் தகடு கேட்பவர்களுக்கு நாங்கள் இப்போது விற்பதில்லை. தகடு கெட்டுப் போகாது, களவு போய்விடும். எர்த் குழியைத் தோண்டிச் செம்பை எடுத்துக்கொண்டு மண்ணைப் பழையபடி மூடிவிட்டுப் போகிற காலம் இது.

உப்பும் கரியும் பற்றி ஒரு வார்த்தை. குழியில் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று போடுவது நம் வயர்மேன்களின் பரம்பரை வழக்கம். விதிப் புத்தகத்திலும் உப்புக்கு இடம் உண்டு. உப்பு தடையைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. அதே உப்பு பைப்பையும் தின்னும். மழைக்கு மழை கரைந்து போவதால் மறுபடி மறுபடி கொட்டுகிறார்கள். கீரமங்கலத்துக்காரரும் வருடந்தோறும் தவறாமல் உப்புத் தண்ணீர் ஊற்றியவர்தான். பக்தியோடு செய்த காரியம் கம்பிக்கு எமனாயிற்று. இப்போது பெண்டோனைட் என்ற களிமண் தூள் மூட்டையாகக் கிடைக்கிறது. குஜராத்தில் கட்ச் பகுதியில் வெட்டியெடுப்பது. தண்ணீரை உறிஞ்சி ஊதி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உலோகத்தை அரிக்காது. உப்பை விட விலைதான், ஒரு முறைச் செலவு. 'கெமிக்கல் எர்த்திங்' என்று பெரிய விலைக்கு வரும் டப்பாக்களிலும் பலவற்றில் இதுதான் முக்கியச் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத மூட்டையை வாங்காதீர்கள், வெறும் உப்பும் சாம்பலுமாக இருக்கலாம்.

இணைப்பையும் கவனிக்க வேண்டும். ஹெவி பைப்பை வாங்கிக்கொண்டு போய், அதில் செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்கி விட்டுவிடுகிறார்கள். இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டால் ஒன்று கரையும். ஜி.ஐ. பைப்புக்கு ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. கிளாம்ப், ஜி.ஐ. நட்டு போல்ட். இவற்றை ஒரு செட்டாகக் கட்டி விற்றால் நமக்கும் வியாபாரம்.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றால் இன்னொன்றும் உண்டு. அன்று கம்பி ஒடியாமல் முழுசாக இருந்திருந்தாலும் அந்தப் பசு பிழைத்திருக்கும் என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது. நடுத்தரமான மண்ணில் இரண்டரை மீட்டர் பைப் ஒன்றுக்குச் சுமார் 30 ஓம் தடை இருக்கலாம் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். 230 வோல்ட்டை 30-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர்கூட வரவில்லை. 15 ஆம்பியர் ஃபீஸ் கம்பி இதற்கு எரியாது. பெட்டியில் கரண்டு நின்றுகொண்டே இருக்கும். சரளை மண் என்றால் நிலைமை இன்னும் மோசம். கசிவைக் கண்டதும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் கருவியும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. முன்பு ஈ.எல்.சி.பி. என்றார்கள், இப்போது ஆர்.சி.சி.பி. என்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். ஆகவே எர்த் பைப் கேட்டு வருபவரிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கருவி இருந்தால் எர்த் வேண்டாம் என்று அர்த்தம் கொள்ள வேண்டாம். எர்த் சரியாக இருந்தால் பெட்டியில் கரண்டு பாய்ந்த உடனே, யாரும் தொடுவதற்கு முன்பே கருவி விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

சில நண்பர்களிடம் இதைப் பேசியபோது, "நீங்கள் நல்ல சரக்கு மட்டும் விற்பீர்கள், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார்" என்றார்கள். உண்மை. எங்களுக்கே அது நடந்தது. ஹெவி பைப் விலையைக் கேட்டதும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. தரைக்குப் பதிக்கும் கல்லுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுபவர், எர்த் பைப்புக்கு இருநூறு ரூபாய் பேரம் பேசுகிறார். காண்டிராக்டர் வந்தால் கேட்கவே வேண்டாம். இதற்காகத்தான் சங்கத்தின் முன் இதை வைக்கிறோம். ஒரு கடை மட்டும் செய்தால் அந்தக் கடைக்கு நஷ்டம். மாவட்டத்தில் பெரும்பாலான கடைகள் சேர்ந்து முத்திரை இல்லாத மெல்லிய பைப்பை எர்த் பைப் என்ற பெயரில் விற்பதில்லை என்று முடிவு செய்தால், முகவர்கள் அதைக் கொண்டு வருவதையே நிறுத்துவார்கள். அதைக் கொட்டகைக் காலுக்கும் கொடிக் கம்பத்துக்கும் தாராளமாக விற்கட்டும், யார் வேண்டாம் என்றது?

பில்லில் 'எர்த் பைப் 1' என்று மட்டும் எழுதுவதையும் விட வேண்டும். என்ன தரம், எத்தனை மீட்டர், எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுப்போம். செம்புக் கம்பி என்றால் எத்தனை மைக்ரான் என்று எழுதுவோம். எழுதத் தயங்குகிற சரக்கை விற்கவும் தயங்கலாமே. வாங்கும் இடத்திலும் இதையே கேட்டு வாங்குவோம். நாளை ஒரு பிரச்சினை வந்தால் கையில் தாள் இருக்கும். எங்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

இதைவிடப் பெரிய யோசனை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் டிராம் வண்டித் தடங்களிலிருந்து கசியும் மின்சாரம் தண்ணீர்க் குழாய்களை அரிக்கிறது என்று 1910-இல் அந்நாட்டு அரசின் தர நிர்ணய நிறுவனம் ஆராயத் தொடங்கியது. அந்தக் கசிவு இல்லாத இடத்திலும் குழாய்கள் அரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, மண்ணையே சோதிப்பது என்று முடிவு செய்து, 1922 முதல் நாடெங்கும் மாதிரிகளைப் புதைத்தார்கள். 128 இடங்களில் மொத்தம் 36,500 மாதிரிகள். சில வருடத்துக்கு ஒருமுறை தோண்டி எடுத்து, துருவைச் சுரண்டி எடை போட்டு, 1957-இல் எல்லாவற்றையும் புத்தகமாக வெளியிட்டார்கள். ஒரே இரும்பு ஒரு மண்ணில் பல வருடம் கழித்தும் உருப்படியாக இருக்க, இன்னொரு மண்ணில் சல்லடை ஆகியிருந்தது. இன்றும் எர்த் கம்பி தயாரிப்பவர்கள் சொல்லும் ஆயுள் கணக்குக்கு அந்தப் புத்தகமே அடிப்படை. அவர்களும் கடைசியில் நம்பியது தராசைத்தான்.

அவ்வளவு பெரிதாக நம்மால் முடியாது. ஐந்து இடம் போதும். ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அன்னவாசல், ஆவுடையார்கோயில், கோட்டைப்பட்டினம். நமது உறுப்பினர்களில் இந்த ஊர்களில் நிலம் உள்ளவர்கள் பலர். ஒவ்வோர் இடத்திலும் ஹெவி ஜி.ஐ., மீடியம் ஜி.ஐ., மெல்லிய தகட்டுப் பைப், 250 மைக்ரான் செம்புக் கம்பி, மெல்லிய முலாம் கம்பி என ஐந்து வகையிலும் ஒரு முழத் துண்டு மூன்று, எடை எழுதிப் புதைப்போம். உப்பு போட்டு ஒரு குழி, போடாமல் ஒரு குழி. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டைத் தோண்டி எடுத்து, சங்கக் கட்டடத்தில் எல்லோர் முன்னிலையிலும் எடை போட்டு, கணக்கை நமது இதழில் அச்சிடுவோம். மூன்று வருடத்தில் நமது மண்ணுக்கு எது நிற்கும் என்பது முகவர் வாய்மொழி இல்லாமல் நமக்கே தெரிந்துவிடும்.

துண்டுகளுக்கும் குழி தோண்டும் கூலிக்கும் ஆகும் செலவை எங்கள் கடை ஏற்றுக்கொள்கிறது. நிலம் தர விருப்பமுள்ளவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். ஐப்பசி மழைக்கு முன் புதைத்துவிட்டால் இந்த வருடமே கணக்கில் சேரும்.